சிவில் வார் டோக்கன், அதாவது அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல தனியார் அடிச்சு விட்ட காசு, சேக்குறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

நானும் என் கதைய போடுறேன். ஓஹையோல இருக்கேன், இங்க எந்த காயின் ஷோக்குப் போனாலும் டீலர் டேபிள்ல ஒரு டப்பா நிறைய தேஞ்ச செம்புக் காசு கிடக்கும், அதுல கைய விட்டா சின்சினாட்டி கடைக்காரர் பேரு போட்ட டோக்கன் ஏதாச்சும் மாட்டிரும், அந்த ஊர்ல அவ்வளவு பேரு அடிச்சிருக்காங்க.

1862ல சண்டை எப்ப முடியும்னு தெரியாம ஜனங்க தங்கம், வெள்ளி, கடைசில ஒரு சென்ட் காசக்கூட பதுக்கிட்டாங்க. சில்லறை இல்லாம ஸ்டாம்ப குடுத்து வாங்கிப் பாத்தாங்க, அது கைல ஒட்டிக்கிட்டு கிழிஞ்சு ஒரே ரோதனை. அப்புறம்தான் சென்ட் சைசுலயே, சுமார் 19 மில்லிமீட்டர், சொந்த டோக்கன். 1863னு போட்டதுதான் எக்கச்சக்கம்.

கொடி, பீரங்கின்னு தேசபக்தி டைப் ஒண்ணு, கடை பேரு போட்ட ஸ்டோர் கார்டு ஒண்ணு. எனக்கு ரெண்டாவதுதான் உசுரு, பழைய ஊர் டைரக்டரில தேடினா அந்தாளு எந்தத் தெருவுல என்ன வித்தார்ங்குற வரைக்கும் சிக்கும். ஆனா மொதல் டைப்புல 'ஒன் சென்ட்'னு பெருசாவும் மேல குட்டியூண்டா 'நாட்'னும் (Not, அதாவது ஒரு சென்ட் இல்ல) போட்டது ஒண்ணு இருக்கு பாருங்க, அந்த குசும்புக்காகவே வாங்கிட்டேன்.

ரொம்ப நாளா தேடுறது நியூயார்க் லிண்டன்முல்லர் டோக்கன். அவரு ஒரு பார் ஓனர், 10 லட்சத்துக்கு மேல அடிச்சு விட்டாராம். தேர்ட் அவென்யூ ரயில்ரோடு, அதாவது ஊருக்குள்ள ஓடுன குதிரை டிராம், டிக்கெட்டுக்கு இதையே வாங்கிக் குவிச்சுட்டு மாத்திக் குடுங்கன்னு போய் நின்னா மனுஷன் கைய விரிச்சுட்டாரு, அவங்களுக்கும் சட்டத்துல வழியில்ல. 1864ல தனியார் காசுக்கே அமெரிக்க காங்கிரஸ் தடை போட்டுருச்சு. ஒரு வயசான டீலர்கிட்ட இது இருக்கான்னு கேட்டேன், "அவரு குடுக்காத சென்ட்டுக்கு நீ டாலர் குடுக்கணும், பரவாயில்லையா"ன்னாரு. பரவாயில்லைதான், ஆனா அவர் காட்டினத யாரோ பாலிஷ் போட்டு பளபளன்னு கெடுத்து வச்சிருந்தாங்க, வேணாம்னுட்டேன்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஃபுல்டு நம்பரும் (ஃபுல்டு கேட்டலாக்ல அந்த டோக்கனுக்கு இருக்கற நம்பர்), எவ்வளவு அரிதுன்னு சொல்ற 'ஆர்' நம்பரும் பாத்து வாங்குங்க. ஆர்-1னா 5000க்கு மேல இருக்கு, ஆர்-10னா உலகத்துக்கே ஒண்ணு, நடுவுல இருக்கறதுலதான் விலைய ஏத்தி ஏமாத்துவாங்க.

மிச்சிகன், விஸ்கான்சின் ஸ்டோர் கார்டு டூப்ளிகேட் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, என்கிட்ட சின்சினாட்டி நிறைய இருக்கு, மாத்திக்கலாம்.