நாட்டின் பாதி கொரோனா கேரளாவில்தான் இருந்ததா?

வேலந்தாவளம் வண்டிக்காரன்:
நேற்று கிடாவிருந்தில் பங்காளிகளோடு பழைய சண்டை மறுபடி கிளம்பியது. 2021 ஆகஸ்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாட்டில் தினமும் வரும் புது நோயாளிகளில் பாதிக்கு மேல் கேரளாவில்தான் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆகஸ்ட் 5 முதல் கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் போக 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் சான்று வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஊசி போட்ட சான்று. நான் எல்லைக்குக் கேரளா பக்கம், எனக்கு ஒரு ஊசிதான் ஆகியிருந்தது. கோவைப் பக்கம் கிணத்துக்கடவில் அக்கா மகளுக்குத் தெரட்டிச் சீர், அதாவது மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் போகாமல் சீர் நடக்குமா? தென்னங்கீற்று, துணி, நகை என்று ஒவ்வொன்றுக்கும் போய்வந்ததில் பத்து நாளில் மூன்று தடவை மூக்கில் குச்சி, தடவைக்கு 500 ரூபாய். இத்தனைக்கும் அரை மணி நேரப் பயணம்.

பங்காளி சொல்கிறான், "உங்க பக்கம் கோட்டை விட்டாங்க, எங்க பக்கம் அடக்கினோம்." நான் சொல்கிறேன், கேரளா ஒழுங்காக எண்ணியது, அதனால் மாட்டிக்கொண்டது. நீங்களே சொல்லுங்க.

கிணத்துக்கடவு 88:
அண்ணா, எங்க ஊர்ப் பேரை இழுத்துவிட்டீங்க, அதனால் சொல்கிறேன். ஓணம் முடிந்து நாலாம் நாள், ஆகஸ்ட் 25, கேரளாவில் ஒரே நாளில் 31,445 பேர். டெஸ்ட் எடுத்த நூறு பேரில் 19 பேருக்கு நோய். அன்றைக்குத் தமிழ்நாட்டில் இரண்டாயிரம்கூட இல்லை, ஜனம் உங்களைப்போல இரண்டு மடங்கு இருந்தும். இவ்வளவு வித்தியாசமும் எண்ணுவதில்தான் என்றால் யார் நம்புவார்கள்? அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நீங்க படியைக் குறை சொல்கிறீங்க.

சித்தூர் டீச்சர்:
தம்பி, பால் பொங்கியது நிஜம்தான். ஆனால் பாத்திரத்தில் எவ்வளவு பால் மிச்சம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த வருஷம் ஜூன், ஜூலையில் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் நாலாவது தடவையாக நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் நோய் வந்து போயிருக்கும், அல்லது ஊசி போட்டிருப்பார்கள். நாட்டில் நூற்றுக்கு 67.6 பேருக்கு இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் 79. தமிழ்நாட்டில் 69.2. கேரளாவில் 44.4, அதுதான் கடைசி. அதாவது மற்ற இடங்களில் முன்பே வந்துபோன நோய் இங்கே பாதிப் பேரைத் தொடவே இல்லை. அவர்களுக்கு ஆகஸ்டில் வந்தது. ஆக அந்த மாதம் கேரளாவில் பரவல் அதிகம் என்று நீங்க சொல்வது சரி. வண்டிக்கார அண்ணன் அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு கரும்பலகைக் கணக்குப் போட்டுப் பாருங்க, தோராயமாகத்தான். மூன்றரைக் கோடியில் 44 சதவீதம் என்றால் ஒன்றரைக் கோடி. அதுவரை கேரளா பாசிட்டிவ் என்று எழுதியது 30 லட்சத்துச் சொச்சம். ஐந்தில் ஒருவர். தமிழ்நாட்டில் இதே கணக்குப்படி ஐந்து கோடிக்கு மேல், எழுதியது 25 லட்சம். இருபதில் ஒருவர். ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியை இரண்டு பக்கமும் நான் கழிக்கவில்லை. கழித்தாலும் இந்த இடைவெளி மூடிவிடாது. "நாட்டில் பாதி" என்று டிவியில் ஓடியது, கண்டுபிடித்த நோயாளிகளில் பாதி. அந்தக் "கண்டுபிடித்த" என்ற வார்த்தை மட்டும் ஓடவில்லை.

மீனாட்சிபுரம் மாப்ள:
டீச்சர் கணக்கு ஆரம்பிச்சாச்சு. யாராவது பெல் அடிங்கப்பா.

கிணத்துக்கடவு 88:
சரி டீச்சர், நோயாளிக் கணக்கை விடுங்க. செத்தவர் கணக்குக்கு வாங்க. "எங்க இறப்பு விகிதம் அரை சதவீதத்தைத் தொடவில்லை" என்று கேரளாவில் பெருமை பேசினார்கள். 2021 அக்டோபரில் விட்டுப்போன சாவுகளைச் சேர்க்க ஆரம்பித்து, கடைசியில் 70 ஆயிரத்தைத் தாண்டியது. தமிழ்நாட்டில் மொத்தமே 38 ஆயிரம். பாதி ஜனம், இரண்டு மடங்கு சாவு. இதற்கும் பாத்திரம், பால் என்று ஏதாவது வைத்திருக்கீங்களா?

சித்தூர் டீச்சர்:
முதலில் கேரளாவைத் திட்டிவிடுகிறேன். அந்தப் பெருமை வெற்றுப் பெருமை. லேசாக நோய் வந்தவர்களையும் தேடிப் பிடித்து எழுதினால் விகிதத்தில் கீழே இருக்கிற நோயாளி எண் பெரிதாகும், விகிதம் தானாகச் சின்னதாகும். சாவுகளையும் ஆரம்பத்தில் இறுக்கிப் பிடித்துத்தான் எழுதினார்கள். இதில் நான் உங்க கட்சி.

ஆனால் அந்த 70 ஆயிரம் எப்படி வந்தது? உச்ச நீதிமன்ற வழக்குக்குப் பிறகு, டெஸ்டில் நோய் தெரிந்து 30 நாளுக்குள் இறந்தால் கொரோனா சாவு என்று விதி வந்தது, குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணமும் வந்தது. ஆனால் டெஸ்ட் சீட்டு கையில் இருந்தால்தான் விண்ணப்பிப்பது சுலபம். அதிகம் டெஸ்ட் எடுத்த ஊரில் அதிகம் சீட்டு. தமிழ்நாட்டிலும் விட்டுப்போனது உண்டு. 2020 ஜூலையில் சென்னையில் மட்டும் 444 சாவுகளை ஒரே நாளில் சேர்த்தார்களே, அதற்குள் மறந்தாச்சா?

இன்னொன்று, கேரளாவில் வயதானவர்கள் அதிகம். சாதாரண வருஷத்திலேயே ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று பார்த்தால் கேரளா பீகாரைவிட மோசமாகத் தெரியும். அதற்காக யாராவது வைத்தியத்துக்குப் பாலக்காட்டிலிருந்து பாட்னாவுக்கு ரயில் ஏறுவார்களா?

லேபில் வேலை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். அப்போது எல்லைப் பக்கம் ஒரு லேபில் இருந்தேன். நீங்க எல்லாரும் விகிதத்தில் மேலே இருக்கிற எண்ணை, எத்தனை பேருக்கு நோய் என்பதைப் பிடித்துச் சண்டை போடுகிறீங்க. குளறுபடி கீழே இருக்கிற எண்ணில், எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்தார்கள் என்பதில்.

கேரளாவில் அந்த ஜூலையில் டிபிஆர் என்ற வார்த்தை சாயாக்கடை வரைக்கும் வந்துவிட்டது. டெஸ்ட் எடுத்த நூறில் எத்தனை பாசிட்டிவ் என்பதுதான் டிபிஆர். பஞ்சாயத்தில் அது 15 சதவீதத்தைத் தாண்டினால் 'டி' பிரிவு, கடைகள் பூட்டு. வியாபாரிகள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீங்க? எங்கள் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்தில், பட்டியல் வருவதற்கு முந்தின நாள் இரண்டு ஆட்டோ நிறைய ஆட்களைக் கூட்டி வந்தார்கள். தும்மல்கூட இல்லாத வாலிபப் பையன்கள். எல்லாரும் நெகட்டிவ். அந்த வாரம் டிபிஆர் இறங்கியது, கடை திறந்தது. நோய் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகஸ்டில் அந்த முறையையே விட்டுவிட்டு, ஆயிரம் பேரில் வாரத்துக்கு எத்தனை புது நோயாளி என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

இன்னொரு விஷயம், தமிழ்நாட்டில் ஆர்டிபிசிஆர் மட்டும்தான். கேரளாவில் ஆன்டிஜென் டெஸ்டும் சேர்ந்தது, அதில் சில நோயாளிகள் தப்பிவிடுவார்கள். இரண்டு டிபிஆரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு.

வேலந்தாவளம் வண்டிக்காரன்:
இருங்க, இருங்க. அப்போ நான் மூன்று தடவை எடுத்த டெஸ்ட்?

லேபில் வேலை:
மூன்று சாம்பிள், மூன்று நெகட்டிவ். உங்க புண்ணியத்தில் ஊர் டிபிஆர் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மீனாட்சிபுரம் மாப்ள:
தாய்மாமன் சீரும் செய்தார், டிபிஆரும் குறைத்தார் 😀

கிணத்துக்கடவு 88:
சிரிக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். மே மாதம் தினசரி எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டிப் போனதே, அப்போது எங்க பெரியப்பாவை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஐந்து மணி நேரம் சுற்றினோம். எங்கும் பெட் இல்லை. அந்த மே முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, பக்கத்து மாநிலத்தில் முப்பதாயிரம் என்கிறார்கள். சாவடியில் நிற்கிற போலீஸ்காரர் என்ன, ஐசிஎம்ஆர் ஆய்வைப் படித்துவிட்டா கேட்டைத் திறப்பார்? கோணல் எண்ணாக இருந்தாலும் அன்றைக்குக் கையில் இருந்தது அதுதான். 2020 மேயில் வாளையார் எல்லைச் சாவடியில் பாஸ் இல்லாமல் வந்தவர்களைக் கேரளா வெயிலில் நிறுத்தவில்லையா? அப்போது எங்க பக்கம் எண் பெரிது, உங்களுக்குப் பயம்.

சித்தூர் டீச்சர்:
வாளையாரில் நடந்ததும் தப்புத்தான். சாவடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மலையாளி என்றாலே நோய் என்று அந்த மாதம் பேசினார்கள் பாருங்க, அதற்கு இந்த எண்ணைச் சாட்சியாக வைத்ததுதான் எனக்கு வருத்தம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள்.

தம்பி, ஒன்று கேட்கட்டுமா? பெரியப்பா அந்த 38 ஆயிரத்தில் இருக்கிறாரா?

கிணத்துக்கடவு 88:
இல்லைங்க டீச்சர். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்து மறுநாள் காலையில் போய்விட்டார். டெஸ்ட் எடுக்கவே இல்லை. சான்றிதழில் நிமோனியா என்று போட்டிருக்கிறது.

லேபில் வேலை:
சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதை வைத்துக் கலெக்டர் ஆபீஸ் கமிட்டியில் மனு கொடுத்திருக்கலாமே?

கிணத்துக்கடவு 88:
பெரியம்மா போகவில்லை. அந்தக் காசு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஆனால் ஆகஸ்டில் சாவடி போட்டது சரிதான். அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

வேலந்தாவளம் வண்டிக்காரன்:
சொல்ல வேண்டாம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வருகிறேன். பெரியம்மா வீடு எந்தப் பக்கம்?