25 டாலருக்குள் போர்பன்: தரத்தை எப்படி எடை போடுவது?

வணக்கம். 25 டாலருக்குள் கிடைக்கும் இரண்டு போர்பன்களை (மக்காச்சோளம் முதன்மையான அமெரிக்க விஸ்கி) ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒன்றில் ஆல்கஹால் 40%, மற்றது பாட்டில்ட்-இன்-பாண்ட் (அமெரிக்கச் சட்டம் வரையறுத்த ஒரு வகை), 50%. முதலாவது சுலபமாக இறங்குகிறது, ஆனால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. இரண்டாவதில் மூக்கை வைத்தாலே நெயில் பாலிஷ் நெடி, வாயில் நல்ல எரிச்சல். இது சரக்கின் குறையா, சுவைக்கும் முறையில் கோளாறா? மார்க் போட உருப்படியான வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1

முதலில் இரண்டையும் ஒரே ஆல்கஹால் அளவுக்குக் கொண்டுவாருங்கள். 50% சரக்கு 20 மி.லி.க்கு 5 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 40% ஆகிவிடும். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்தால் பிசகாது. குளோரின் வாசனை இல்லாத, அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீர்தான் வேண்டும். ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும், குறையும் சேர்ந்து மறைந்துவிடும். மதிப்பிடும்போது ஐஸ் வேண்டவே வேண்டாம்.

வாய் குறுகிய டியூலிப் வடிவ கிளாஸில் ஊற்றி 10 நிமிடம் சும்மா விடுங்கள். ஒயினைப் போலச் சுழற்றாதீர்கள், ஆல்கஹால்தான் முதலில் கிளம்பி வரும். கிளாஸை முகவாய்க்கு நேராகப் பிடித்து, உதட்டை லேசாகத் திறந்தபடி, மெல்ல மேலே கொண்டுவந்து முகருங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைத்தால் சில நொடிகளில் மரத்துப்போகும். அதற்குப் பிறகு எந்த விஸ்கியும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதல் மடக்குக்கு மார்க் போடக் கூடாது. அது நாக்கைப் பழக்குவதற்கு. அரை டீஸ்பூன் அளவு எடுத்து வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள். இரண்டாவது, மூன்றாவது மடக்கில்தான் இனிப்பு, பீப்பாயின் ஓக் மரச் சுவை, ரை என்ற தானியத்தின் காரம் எல்லாம் பிரிந்து தெரியும். 40%-க்கு இறக்கிய பிறகும் மூன்றாவது மடக்கு தொண்டையைப் பிறாண்டினால் குறை சரக்கில்தான்.

பதில் 2

நெயில் பாலிஷ் நெடி பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் என்ற வேதிப்பொருள். நொதிக்கும்போதும் பீப்பாயிலும் உருவாவது. கொஞ்சமாக இருந்தால் பழ வாசனை, அளவு மீறினால் கரைப்பான் நெடி. கால் மணி நேரத்தில் அடங்கி, கீழிருந்து வெனிலாவும் கேரமலும் எழுந்தால் கவலை இல்லை. அப்படியே நின்றால் தயங்காமல் மார்க்கைக் குறையுங்கள்.

பச்சை மக்காச்சோள மாவு வாசனை வந்தால் சரக்கு இளசு. ஈர அட்டை, பூஞ்சை வாடை என்றால் கார்க் கெட்டிருக்கிறது. அந்த பாட்டிலை வைத்து பிராண்டை எடைபோடாதீர்கள்.

லேபிளையும் படியுங்கள். குறைந்தது 51% மக்காச்சோளம், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாய், இரண்டும் எல்லா போர்பனுக்கும் கட்டாயம். 'போர்பன்' என்று மட்டும் இருந்தால் வயதுக்கு (பீப்பாயில் இருந்த காலத்துக்கு) கீழ்வரம்பு இல்லை. 'ஸ்ட்ரெய்ட்' என்றால் குறைந்தது 2 ஆண்டு, 4 ஆண்டுக்குக் குறைவானால் வயதை அச்சிட்டாக வேண்டும். பாட்டில்ட்-இன்-பாண்ட் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது: ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் வடித்தது, குறைந்தது 4 ஆண்டு, சரியாக 50%. இந்த விலையில் இதைவிடத் தெளிவான உத்தரவாதம் வேறில்லை. நிறத்துக்கு மார்க் வேண்டாம். ஸ்ட்ரெய்ட் போர்பனில் சாயம் கலக்க முடியாது, ஆனால் தண்ணீர் கூடினால் நிறமும் வெளிறும்.

பதில் 3

பதில் 1-ல் ஒரு திருத்தம். 50%-ஐ ஒரேயடியாக 40%-க்கு இறக்காதீர்கள். முதலில் அப்படியே, பிறகு 20 மி.லி.க்கு 2 மி.லி. (சுமார் 45%), கடைசியாக 5 மி.லி. என்று படிப்படியாகப் போங்கள். சில போர்பன் 45%-ல் பிரமாதமாக விரிந்து 40%-ல் சப்பென்று ஆகிவிடும். தண்ணீரை ஆலை சேர்த்தாலும் நீங்கள் சேர்த்தாலும் விளைவு ஒன்றுதான். உங்கள் முதல் பாட்டிலில் ஒன்றுமே தெரியாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

லேபிள் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். வேறொருவரை மூன்று கிளாஸில் 10 மி.லி. வீதம் ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் மற்றது. மூன்றுமே ஒரே சதவீதத்துக்குக் கலந்தவை. மாறுபட்டதைக் கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு, அதனால் மூன்று முறையாவது செய்ய வேண்டும். துப்பிவிட்டால் கடைசிச் சுற்றிலும் நாக்கு கூர்மையாக இருக்கும்.

அளவுகோலாக 'எவன் வில்லியம்ஸ்' பிராண்டின் வெள்ளை லேபிள் போர்பன் (50%) ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ரை காரம் பிடிக்குமானால் ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட்.

கேட்டவர்

நன்றி. பாதி காலியான பாட்டிலை அளவுகோலாக வைத்தால் கணக்கு தப்புமா?

பதில் 3

சில வாரங்களில் பெரிதாக மாறாது. மாதக்கணக்கில் போனால் மேல்வாசனை மங்கும். கால்வாசிக்குக் கீழே வந்ததும் சிறிய கண்ணாடி பாட்டிலுக்கு நிறைய ஊற்றி மாற்றிவிடுங்கள். வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்தால் கார்க் ஊறிப் பொடிந்துவிடும்.