ரவ் டோர் மலையில் மூடுபனி: யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

போன அக்டோபரில் இங்கிலாந்தில் கார்ன்வாலின் ரவ் டோர் (Rough Tor) மலைக்குப் போயிருந்தோம். (எழுத்தைப் பார்த்து 'ரஃப்' என்றுதான் நானும் சொன்னேன். பக்கத்து ஊர் கேமல்ஃபோர்டு டீக்கடையில் திருத்தினார்கள்.) உயரம் 400 மீட்டர்தான். அது நிற்கும் பாட்மின் மூர் என்ற திறந்த மேட்டுநிலத்தில் மரம் அபூர்வம். புல்லும் சேறும் கிரானைட்டும்தான். உச்சிப் பாறைகள் தோசை அடுக்கினாற்போல் இருக்கும். ஒரு மணி நேர வேலைதானே என்று ஜாக்கெட்டைக் காரிலேயே விட்டுவிட்டேன்.

இறங்கும்போது பனி மூடியது. முன்னால் நடந்த என் கணவரைக் காணோம், குரல் மட்டும் கேட்கிறது. முழங்காலில் ஒரு கல் இடித்தது. பக்கத்தில் இன்னொன்று. தடவிக்கொண்டே போனால் வரிசை வட்டமாக வளைகிறது. ஓரிடத்தில் இடைவெளி, இருபுறமும் நிமிர்ந்த கல். அட, வாசல்! ஏறும்போது "கற்குவியல்" என்று நான் தாண்டிப் போன வெண்கலக் கால வீடு. சுமார் 3,500 வருஷப் பழசு. அந்தச் சரிவில் இப்படி நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

உள்ளே போய் உட்கார்ந்தோம். கழி நட்டு வேய்ந்த கூரை எப்போதோ போய்விட்டது, சுவரும் முழங்கால் உயரம்தான். ஆனாலும் குனிந்து உட்கார்ந்தால் காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது. கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது! நாற்பது நிமிஷம் கழித்துப் பனி விலகினால், கார் நிறுத்திய இடம் கண்ணுக்கு எதிரேயே இருக்கிறது.

*

எங்களுக்குப் பனி இல்லை, குதிரைதான். அங்கே குட்டைக் குதிரைகள் அவிழ்த்துவிட்டபடி மேயும். அந்த மாதிரி ஒரு கல்வட்டத்துக்குள் உட்கார்ந்து புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன், தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சு. பொட்டலத்தைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். சாதம் குதிரைக்கு. (கொடுக்கக் கூடாதுதான். நான் கொடுக்கவில்லை, அது எடுத்துக்கொண்டது.)

*

அடிவாரத்தில் ஓடைப் பக்கம் ஒரு நினைவுத்தூண் இருக்குமே, பார்த்தீர்களா? 1844 ஏப்ரலில் அங்கே கொலையான சார்லட் டைமண்ட் என்ற 18 வயதுப் பெண்ணுக்கு வைத்தது. வேலைக்காரப் பெண். கூட வேலை செய்த மேத்யூ வீக்ஸைத் தூக்கில் போட்டார்கள். அவன்தான் செய்தானா என்று இன்னும் பேச்சு இருக்கிறது. அவள் ஆவி நடமாடுகிறது என்பார்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன், பார்த்ததெல்லாம் ஆடுதான்.

*

நல்லவேளை, இதை நான் போய்வந்த பிறகு சொன்னீர்கள்.