பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) அனுப்பியவரை ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் நம்பத் தொடங்கிய தருணம்: உங்களுக்கு எப்படி நடந்தது?

முதல் பதிவு

2023 செப்டம்பர், கொச்சியில் டெப்கான்ஃப், அதாவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்குபவர்களின் மாநாடு. அதற்கு முன் ஒரு வருடமாக டெபியனில் சின்ன பேக்கேஜ் (இன்ஸ்டால் செய்யத் தயாராகக் கட்டிய மென்பொருள்) ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஸ்பான்சர், அதாவது ஏற்றும் உரிமையுள்ள டெபியன் டெவலப்பர், சரிபார்த்துத்தான் ஏற்றுவார். காப்பிரைட் ஃபைலில் ஒரே ஒரு சோர்ஸ் ஃபைலின் உரிமத்தை விட்டுவிட்டேன் என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பியவர் அவர். டெபியன் மெயின்டெயினராக (அனுமதித்த பேக்கேஜ்களைத் தானே ஏற்றக்கூடியவர்) விண்ணப்பிக்க, இது நான்தான் என்று உறுதிசெய்து ஒரு டெவலப்பராவது என் கீயில் (என் டிஜிட்டல் கையெழுத்துக்கான சாவி) கையெழுத்திட வேண்டும். சாப்பாட்டு வரிசையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டேன். அவர் தட்டை ஓரமாக வைத்துவிட்டு பாஸ்போர்ட்டை வாங்கி, போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என் துண்டுச்சீட்டில் இருந்த ஃபிங்கர்பிரிண்டின், அதாவது கீயின் அடையாளக் குறியீட்டின், 40 எழுத்துகளையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். நான் படிக்கப் படிக்க அவர் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார், சாப்பாடு ஆறிப்போனது. பிறகு ஸ்பான்சர் அந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் எனக்கு ஏற்றும் உரிமை கொடுத்தார். இன்றும் ஒவ்வொரு அப்லோடுக்கு முன்னும் அந்தப் பேனா நினைவுக்கு வருகிறது.

பதில் 2

என் கதை லினக்ஸ் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியில். கோடின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் காட்டும் இடைவெளிப் பிழைகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்த காலம், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒரு டிரைவரில் நான் அனுப்பிய உண்மையான திருத்தம் மெர்ஜ் ஆகி (மூலக் கோடில் சேர்ந்து), நான் டெஸ்ட் செய்யாத ஒரு கான்ஃபிகில் (அமைப்பில்) கம்பைல் ஆகவிடாமல் பில்டை உடைத்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காமல், "உடைத்தது என் பேட்ச்தான், இதோ திருத்தம்" என்று எந்த மாற்றத்தைத் திருத்துகிறது என்று காட்டும் ஃபிக்ஸஸ் வரியோடு நானே அனுப்பிவிட்டேன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெயினர் பதிலே எழுதவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து வேறொருவருடைய பேட்சில் என்னைச் சிசி போட்டு, இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அந்த ஒரு வரியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பதில் 3

பதில் 2 நண்பர் சொல்வது பாதிதான் சரி. பணிவு, பொறுமை, தவறை ஒப்புக்கொள்வது எல்லாவற்றையும் ஒருவர் திட்டமிட்டே செய்யலாம். எக்ஸ்இசட் (லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள்) விஷயத்தில் ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் 2021 கடைசியிலிருந்து பேட்ச் அனுப்பினார். ஏற்கெனவே களைத்துப்போயிருந்த மெயின்டெயினரை, புதிய ஆளைச் சேர்க்கச் சொல்லி வேறு சில கணக்குகள் நெருக்கின. 2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பு பின்வாசலோடு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வெளிவந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கவனித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

நான் தனி ஆளாக ஒரு சின்ன லைப்ரரி வைத்திருக்கிறேன். 2022-இல் உதவிக்கு வந்த ஒருவருக்கு மூன்றே வாரத்தில் கமிட் உரிமை (கோடை நேரடியாக மாற்றும் அனுமதி) கொடுத்தேன், அவ்வளவு களைப்பு. எக்ஸ்இசட் செய்தி வந்த ராத்திரி விடியும்வரை அவருடைய கமிட்டுகளை ஒன்று விடாமல் படித்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. மனசு கேட்காமல் அவரிடமே சொன்னேன். "நானும் நேற்று உங்களுடையதைப் படித்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

புதிதாக மெயின்டெயினர் ஆகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கமிட் உரிமையையும் ரிலீஸ் உரிமையையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ரிவ்யூ செய்பவர், இஷ்யூ (பிழைப் புகார்) பிரிப்பவர், கமிட் செய்பவர் என்று படிப்படியாகப் போகட்டும். டெஸ்ட் ஃபோல்டரில் பைனரி ஃபைல் (கண்ணால் படிக்க முடியாதது) வந்தால் அது எப்படி உருவானது என்று கேளுங்கள், எக்ஸ்இசட்டில் அங்கேதான் ஒளித்துவைத்தார்கள். கிட்டில் (கோட் களஞ்சியம்) இருப்பதும் டார்பாலில் (வெளியீட்டுக்குக் கட்டிய ஃபைல் தொகுப்பு) இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள், பின்வாசலைக் கிளப்பிவிட்ட வரி டார்பாலில் மட்டும்தான் இருந்தது. "சீக்கிரம் மெர்ஜ் செய்யுங்கள்" என்று யார் நெருக்கினாலும் அன்று மடிக்கணினியை மூடிவிடுங்கள்.

பதில் 4

நான் கோட் எழுதுபவள் இல்லை. ஒரு மென்பொருளின் தமிழாக்கத்துக்கு 600 சரம் (திரையில் வரும் வாசகம்) மொழிபெயர்த்துக் கொடுத்தேன், சரிபார்க்க வேண்டியவர் பதினான்கு மாதம் வரவே இல்லை. ஒருநாள் அவருடைய மின்னஞ்சல்: "உடம்பு சரியில்லாமல் இருந்தேன் அம்மா, எல்லாம் பார்த்துவிட்டேன், ஒரே ஒரு ஒற்றுப்பிழை. இனி நீங்களே சரிபார்ப்பவர்." கோபமாக ஒரு கடிதம் எழுதி ட்ராஃப்டில் வைத்திருந்தேன். அன்றே அழித்தேன்.

முதல் பதிவர்

பதில் 3 சகோ, பாஸ்போர்ட் என் குணத்தைக் காட்டாது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஒரு பேக்கேஜுக்கு மட்டும் கொடுத்தார்கள். பதில் 4 அக்கா, அந்த ஒற்றுப்பிழை எது?