ஜாஸ் பேஸ் உறுமுகிறது, மேடையில் எனக்கே கேட்கவில்லை: முதலில் பிக்கப்பா, இன்-இயரா?

தண்டையார்பேட்டை நான்குதந்தி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் தெரு மேடைகள், டிசம்பரில் ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கத்துத் தேவாலயங்கள், நடுநடுவே கல்யாண வரவேற்புகள் என்று நிகழ்ச்சிகள் அமைகின்றன. என்னுடையது ஜாஸ் பேஸ் வடிவிலான, பேட்டரி இல்லாத கருவி. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே கம்பிச் சுருள் (சிங்கிள் காயில்); இரண்டு வால்யூம், ஒரு டோன்.

என் முதல் தொல்லை உறுமல். வீட்டில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. தெருமுனை மேடையில், பத்தடி தள்ளி ஜெனரேட்டர் வண்டியும் தலைக்கு மேலே சீரியல் விளக்குகளும் முதுகுக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டியுமாக நிற்கும்போது, ஒரு பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் என் சேனலிலிருந்து 'ம்ம்ம்' என்று கிளம்புகிறது. மிக்சரில் இருப்பவர் சேனலை அடைத்துவிடுகிறார். அடுத்த பாட்டு தொடங்கும்போது அதைத் திறக்கவும் மறந்துவிடுகிறார்.

இரண்டாவது, நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. மேடையின் அகலமே பன்னிரண்டு அடிதான். தரையில் வைக்கும் மானிட்டர் பெட்டிகள் இரண்டும் பாடகர்களுக்குப் போய்விடுகின்றன. நான் மின்னணுத் தாளக் கருவியான ஆக்டோபேடுக்கும் டோலக்குக்கும் நடுவில் நின்று, காதை நம்பாமல் விரலைப் பார்த்து வாசிக்கிறேன். சென்ற ஆடியில் ஒரு மேடையை விட்டு இறங்கிய பிறகு மறுநாள் மதியம் வரை இடது காதில் விசில் சத்தம் ஓயவில்லை. புளூடூத் இயர்பட்ஸ் போட்டும் பார்த்தேன். நான் மீட்டிய சுரம் எனக்கே தாமதமாக வந்ததால் ஒரே பாட்டில் கழற்றிவிட்டேன்.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. பிக்கப்பை மாற்றுவதா, மேடை ஒலியைக் காதுக்குள்ளேயே கேட்க உதவும் இன்-இயர் இயர்போன் வாங்குவதா? இரண்டும் செய்ய வேண்டுமானால் எது முதலில்?

பெரம்பூர் பற்றவைப்பு எழுதியது:

நண்பரே, எதையும் வாங்குவதற்கு முன் உறுமல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள், ஏனென்றால் நம்மிடம் பழுதுபார்க்க வரும் கருவிகளில் பாதிக்குமேல் பிக்கப்பில் குற்றமே இருப்பதில்லை.

ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புகளும் பொதுவாக ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் மாற்றி வைக்கப்பட்டிருக்கும். அதனால் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் உறுமலை மற்றொன்று அழித்துவிடும். ஒன்றைச் சற்றுக் குறைத்தாலே அந்தச் சமநிலை போய்விடும். ஆகவே இரண்டையும் முழுதாகத் திறந்து கேளுங்கள். பிறகு பிரிட்ஜ் (தந்திகளை அடிப்பக்கம் தாங்கும் பாலம்) பக்கத்துப் பிக்கப்பை மட்டும் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். உடல் திரும்பும்போது உறுமலும் ஏறி இறங்கினால், அது டிரான்ஸ்பார்மர் முதலியவற்றின் காந்தப் புலத்தைக் காயில் வாங்கிக்கொள்வதால் வருவது. உடலைத் திருப்பினாலும் மாறாமல், தந்தியைத் தொட்டதும் அடங்குகிற 'சர்ர்' என்ற இரைச்சல் வேறு வகை. அது கருவிக்குள் வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டிங் போதாததைக் காட்டும். தந்தியைத் தொட்டாலும் ஒன்றும் மாறவில்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பியைச் சந்தேகியுங்கள். காசிமேட்டுக் காற்றில் உப்பு இருக்கிறது. பிரிட்ஜுக்கு அடியில் அந்தக் கம்பி பச்சை பூத்து அறுந்து கிடந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உள்ளறையில் காப்பர் டேப் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை முழுதாக நம்பாதீர்கள். டேப் அந்தச் 'சர்ர்' இரைச்சலைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலம் மெல்லிய செம்புத் தகட்டை ஊடுருவிப் போய்விடும். மிக்சரில் ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டு வெட்டவும் வழியில்லை: தடித்த இ தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ், உறுமல் 50. உறுமலை வெட்டினால் உங்கள் ஜி சுரத்தையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள்.

பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் வைத்து வாசிக்கும் வழக்கம் உண்டென்றால், அதே அளவுப் பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காயில் அடுக்கி உறுமலை அழிக்கும் ஹம்பக்கர் வகை பொருந்தும். மரத்தைக் குடைய வேண்டாம். பிரிட்ஜ் பிக்கப் பொதுவாகக் கழுத்துப் பக்கத்து நெக் பிக்கப்பைவிடச் சற்று நீளமாக இருக்கும் என்பதால், அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

வியாசர்பாடி மிக்சர் எழுதியது:

நான் மைக் செட் பக்கம் நிற்பவன். உங்கள் சேனலை அடைத்துவிட்டுத் திறக்க மறக்கும் இனத்தைச் சேர்ந்தவன்தான், மன்னியுங்கள். என் கருத்தில் முதலில் காது. பிக்கப் என்றைக்கு வேண்டுமானாலும் வாங்கலாம். கெட்ட காதைத் திரும்ப வாங்க முடியாது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலகங்களுக்கு வகுத்த ஒரு கணக்கு. மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகிக்கொண்டே வந்து 100 டெசிபலில் 15 நிமிடமாகச் சுருங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன மேல் எல்லையும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான். ஆக்டோபேடுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்பதோ மூன்று மணி நேரம்.

புளூடூத்தை மறந்துவிடுங்கள். சாதாரண புளூடூத்தில் 150 முதல் 200 மில்லி நொடி வரை தாமதமாகும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓடும் பாட்டில் ஓர் அடியின் கால் பங்கே 125 மில்லி நொடிதான் என்றால், நீங்கள் ஏன் தடுமாறினீர்கள் என்பது விளங்கும்.

ரேடியோ அலையில் இயங்கும் வயர்லெஸ் இன்-இயரும் இப்போது உங்களுக்கு வேண்டாம். பேஸ் வாசிப்பவர் எப்படியும் ஒரு கேபிளோடு கட்டுண்டுதான் நிற்கிறார். அந்தக் கேபிளோடு இன்னொன்றையும் சேர்த்து வெல்க்ரோ பட்டையால் கட்டி, இடுப்பில் பெஹ்ரிங்கர் பி2 போன்ற, இயர்போனுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் சிறிய பெட்டியைச் செருகிக்கொண்டால் வேலை முடிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் விலை குறைந்த வயர்லெஸ் பெட்டிகள், கூட்டத்தில் ஆயிரம் செல்போன்கள் இருக்கும் தெருவில் எப்போது விட்டுவிட்டு வரும் என்று சொல்ல முடியாது.

இயர்போனில் ஒலி எழுப்பும் டிரைவர் எத்தனை என்பதைவிட அது காதை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்பதே முக்கியம். ஷூர் எஸ்இ215இல் ஒரே டிரைவர்தான். பேஸுக்கு அது போதும். காதுக்குள் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த சுரங்கள் முதலில் கசிந்துவிடும். உடனே வால்யூமைக் கூட்டத் தோன்றும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. நுரை டிப்பை விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, நுரை விரியும் வரை அரை நிமிடம் அழுத்தி வைத்திருங்கள். வியர்வையில் வழுக்கும் என்பதால் மாற்று ஜோடி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளும் பழக்கம் நம் மேடைகளில் மிகுதி. தயவுசெய்து அது வேண்டாம்: திறந்த காது முழுச் சத்தத்தையும் வாங்க, மூடிய காதில் நீங்கள் அதற்குப் போட்டியாகக் கூட்டுவீர்கள். ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் உள்ள பெட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். மைக் ஒன்று கீழே விழும் சத்தம் நேராகக் காதுக்குள் வருவதை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மிக்சரில் உங்களுக்கென்று ஓர் ஆக்ஸ் வெளியீடு (தனிக் கலவையை அனுப்பும் வழி) கேளுங்கள். பேஸ், ரிதம், பாடகர் குரல், கொஞ்சம் கீபோர்டு ஆகியவை போதும்.

ராயபுரம் பழைய பேஸ் எழுதியது:

தம்பி, மேலே எழுதிய இருவரும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இன்-இயர் போட்ட பிறகுதான் உன் பிக்கப்பின் உண்மையான முகம் உனக்குத் தெரியும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் ஆம்ப் பெட்டி உன் ஒலியின் மேல்பகுதியை மழுக்கி, அடியைப் பருமனாக்கிக் கொடுத்தது. கருவியை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டி வழியாக நேராகக் காதுக்கு வரும்போது விரல் உரசல், ஃபிரெட்டில் தந்தி படும் 'டிக்', உறுமல் எல்லாமே காதுக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிறு ஆராதனையில் முதன்முதலாக மாட்டியபோது என் வாசிப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

எனக்கு விடையாக அமைந்தது பிரிசிஷன் வகை பேஸ். 1957இல் ஃபெண்டர் நிறுவனம் அதில் இரண்டாகப் பிளந்த காயிலைப் பொருத்தியதிலிருந்து உறுமல் அதற்குள்ளேயே அழிந்துவிடுகிறது. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் அதற்கு இரண்டு பிக்கப்பும் சேர்ந்து திறந்திருக்க வேண்டும். உன் கருவியை மாற்றச் சொல்லவில்லை. டோனைப் பாதிக்குக் குறைத்து, பிக்கப்பைத் தந்தியிலிருந்து சற்றுத் தாழ்த்தி வைத்துப் பார். செலவில்லாமல் பாதி வித்தியாசம் வந்துவிடும்.

பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் ஒன்றை நினைவில் வை. ஒரு கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு முந்தைய இரவு கேபிளைக் கழற்றாமல் தூங்கிவிட்டேன். ஜாக்கில் கேபிள் இருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். இரண்டாவது பாட்டில் என் ஒலி கரகரத்து, மூன்றாவதில் அணைந்தே போனது.

தண்டையார்பேட்டை நான்குதந்தி எழுதியது:

அண்ணன்மார் அனைவருக்கும் நன்றி. நேற்று ஒத்திகைக் கூடத்தில் டிம்மர் பெட்டியையும் வரவழைத்துச் சோதித்தேன். இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருந்தபோது உறுமல் ஏறக்குறைய இல்லை. பிரிட்ஜை மட்டும் வைத்துத் திரும்பியபோது, சுவரைப் பார்த்து நின்றால் அடங்கி, டிம்மர் பக்கம் திரும்பினால் ஏறியது. தந்தியைத் தொட்டால் எந்த மாற்றமும் இல்லை. பிரிட்ஜைக் கழற்றினால், சொன்னதுபோலவே கம்பியின் நுனி பச்சைப் பொடியாகக் கையோடு வந்தது. மரத்தில் அதன் தடம் மட்டும் கறுப்பாக இருந்தது. புதுக் கம்பி வைத்துப் பற்றவைத்தேன். 'சர்ர்' இரைச்சல் பெருமளவு போய்விட்டது.

முதலில் இடுப்புப் பெட்டியும் இயர்போனும் வாங்க முடிவு செய்துவிட்டேன். மீதிப் பணத்தில் பிரிட்ஜுக்கு மட்டும் அடுக்கு ஹம்பக்கர் வாங்கலாமா?

பெரம்பூர் பற்றவைப்பு எழுதியது:

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். இப்போது உங்கள் இரண்டு காயில்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பிரிட்ஜில் உறுமாத பிக்கப் வந்துவிட்டால், நெக் பிக்கப்பின் உறுமலை அழிக்க ஆளில்லாமல் போகும். இரண்டையும் திறந்து வைக்கும்போது இன்று இல்லாத உறுமலை நாளைக்குக் கேட்பீர்கள். ஜோடியாக வாங்கப் பணம் சேரும்வரை இரண்டு வால்யூமையும் முழுதாக வைத்து, டோனில் மட்டும் விளையாடுங்கள்.

வியாசர்பாடி மிக்சர் எழுதியது:

அத்துடன் மிக்சரிலிருந்து இடுப்புப் பெட்டிக்கு வரப் பத்து மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் ஒன்றை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் எப்போதும் ஒன்று குறையும். ஜெனரேட்டர் மேடையில் தந்தியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்தால், சமாளித்துக்கொண்டு வாசிக்காமல் உடனே எங்களைக் கூப்பிடுங்கள். எர்த் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். உறுமல் குறைகிறதே என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை யாராவது கழற்றினால் அதையும் அனுமதிக்காதீர்கள். அதற்காகத்தான் டிஐ பெட்டியில் சிக்னல் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள்.