மறு: மறு: மருந்து எதிர்ப்பா, மருந்துக்கு மசியாமையா?

எல்லாருக்கும் வணக்கம். பால்வினைத் தொற்று சிகிச்சை பத்தின நோயாளி கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது, ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். மருந்துக்குப் பேரு "நுண்ணுயிர் எதிர்ப்பி", கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படாம போனா "நுண்ணுயிர் எதிர்ப்பு", உடம்போட சக்தி "நோய் எதிர்ப்பு". மூணும் ஒரே பக்கத்துல வருது. வரைவைப் படிச்ச ஒருத்தர் "எதிர்ப்பு வந்துட்டா நல்லதுதானே"ன்னு கேக்குறார். வெட்டை நோயில (கொனோரியா) இந்தக் குழப்பம் ஆபத்து. அந்தக் கிருமிகிட்ட மருந்து ஒவ்வொண்ணா பலிக்காம போச்சு: சல்ஃபா போச்சு, பென்சிலின் போச்சு, சிப்ரோஃப்ளாக்சசின் போச்சு, இப்போ பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியை நம்பித்தான் ஓடுது. கிருமி கட்டுப்படாம போறதுக்கு என் யோசனை "மருந்துக்கு மசியாமை".

> என் யோசனை "மருந்துக்கு மசியாமை"

தம்பி, மசி வடசொல், மைக்கு வழங்குறது. "எதிர்" நல்ல தமிழ், அதை ஏன் விடணும்? எதிர்கொள்ளுறதுலயும் எதிர்காலத்துலயும் இருக்கிறது அதே எதிர்தான். மருந்துக்கு "நுண்ணுயிர்க்கொல்லி"ன்னு போட்டுட்டா குழப்பமே தீர்ந்துடும். கொல்லிப்பாவைன்னு சங்கப் பாட்டுலயே வருதே, சிரிச்சு மயக்கிக் கொல்ற பாவை, அந்தக் கொல்லிமலைப் பேரையும் கொல்லோட சேர்த்துப் பாக்கலாம்னுதான் ரொம்ப நாளா எனக்குத் தோணுது. பழைய பேருங்க எல்லாத்தையும் எடுத்துக்கணும்னு சொல்ல வரல, சிபிலிஸுக்குப் பறங்கிப்புண்ணுன்னு, அதாவது வெள்ளைக்காரன் புண்ணுன்னு, அடுத்தவன் தலையில பழியப் போட்ட பேரும் நம்மகிட்ட உண்டு.

> "நுண்ணுயிர்க்கொல்லி"ன்னு போட்டுட்டா

ஐயா, எல்லா மருந்தும் கொல்லாது. கிளமிடியாங்கிற பால்வினைத் தொற்றுக்கு ஏழு நாள் குடுக்கிற டாக்சிசைக்ளின் கிருமியப் பெருக விடாம தடுக்குது, மிச்ச வேலைய உடம்பு பாத்துக்குது. கொல்லின்னு எழுதினா, நாலாம் நாளு எரிச்சல் நின்னதும் "செத்துப் போச்சு"ன்னு மாத்திரைய நிறுத்திடுவாங்க. மசியாமை எனக்குப் பிடிச்சிருக்கு, ஏன்னா எந்த மருந்துக்குன்னு சொல்லாம அந்தச் சொல்லே நிக்காது. சிபிலிஸ் கிருமி 1943லருந்து இன்னிக்கு வரைக்கும் பென்சிலினுக்கு மசியுது, அசித்ரோமைசினுக்குப் பல இடத்துல மசியறதில்ல. ஒண்ணு மட்டும், மசியாதது கிருமி, நோயாளியோட உடம்பு இல்ல, அது வாக்கியத்துல தெளிவா வரணும். சிலர் கேட்ட "தாங்குதிறன்" வேண்டாம், நுண்ணுயிரியல்ல அது வேற சங்கதி.

டாக்டரம்மா, நன்றி. ஐயா, மைக்கான மசி வேற, மசியிற வினை வேற, "எவ்வளவு சொன்னாலும் மசிய மாட்டேங்கிறான்"னு யாரும் வடமொழியில பேசல. இப்படிப் போடறேன்: "சிகிச்சை முடிஞ்சு ஏழு நாள் வரைக்கும் உடலுறவு வேண்டாம். இணையருக்கும் சிகிச்சை தேவை. அதுக்கப்புறமும் சீழோ எரிச்சலோ இருந்தா திரும்ப வாங்க, கிருமி அந்த மருந்துக்கு மசியாததா இருக்கலாம்." இதுவரைக்கும் பதில் போட்டவங்கள்ல பாதிக்கு மேல சரின்னுட்டாங்க, மத்தவங்க "ஏதோ ஒண்ணு போடுங்க"ன்னுட்டாங்க. கடைசிப் பக்கச் சொல்லடைவுல "மருந்து எதிர்ப்பு"ம் இருக்கும்.

> பாதிக்கு மேல சரின்னுட்டாங்க

அச்சடிங்க தம்பி, நோயாளிக்குப் புரிஞ்சா போதும். ஆனா என் மறுப்பு பதிவாகட்டும். பாடநூலுக்கு இது ஆகாது. "எதிர்ப்பு மரபணு", "பல்மருந்து எதிர்ப்பு" (பல மருந்துக்கும் எதிர்ப்பு)ன்னு அந்தச் சொல்லு நீளும், மசியாமைய வெச்சு "மசியாமை மரபணு"ன்னு எந்த மாணவன் எழுதுவான்? அதுக்கு விடை சொல்லுங்க, ஒத்துக்கிறேன்.