ரி.வி. இல்லாத ஊருக்குப் புத்தகமாக வந்த தொடர்கள்

கொக்குவிலில் இருந்து:

1993. எனக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்று மூன்று வருடம் ஆகிவிட்டது. வீட்டு ரி.வி.யைப் பழைய சேலையால் மூடி, அதன்மேல் பிள்ளையார் படம் ஒன்றை வைத்திருந்தார் அம்மா. ஒழுங்கையில் யாராவது ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் போட்டால்தான் திரை என்ற ஒன்றையே பார்ப்போம். அதுவும் தமிழ்ப் படம். விண்வெளி, காலப் பயணம் என்றெல்லாம் ரி.வி.யில் தொடர்கள் ஓடுகின்றன என்பதே எனக்குத் தெரியாது.

அந்த வருடம் லண்டனில் இருந்து சின்ன மாமா ஒரு பார்சல் கொடுத்துவிட்டார். கொழும்பில் கைமாறி, கிளாலியில் வள்ளம் ஏறி, எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஒரு மாதம் பிடித்தது. அம்மம்மாவின் பிரஷர் குளிசை, இரண்டு சேட்டுத் துணி, துணிக்கு நடுவில் மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று. 'டொக்டர் ஹூ அன்ட் த டாலெக்ஸ்'. டொக்டர் ஹூ, காலத்தில் பயணம் போகும் ஒருவரைப் பற்றிய பிபிசித் தொடர்; டாலெக்குகள் அதில் இயந்திரக் கூட்டுக்குள் வாழும் எதிரிகள். எழுதியவர் டேவிட் விட்டேக்கர். பிபிசியில் 1963 டிசம்பரில் தொடங்கி ஏழு வாரம் ஓடிய கதையை 1964 இலேயே அவர் நாவலாக்கியிருக்கிறார். மாமா அனுப்பியது 1973 இல் டார்கெட் பதிப்பகம் மறுபதிப்பாகப் போட்ட பிரதி, அவர் மாணவனாக இருந்தபோது வாங்கியது.

வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். பின்பக்கத்துத் தாள்கள் உப்புத்தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தன. நான் வெயிலில் காயவைக்க ஓடினேன். அம்மம்மா விடவில்லை, வெயில் பட்டால் தாள் முறுகி உடையும் என்றார். விறாந்தைச் சீமெந்தில் நிழலில் வைத்து, தென்னோலை ஈர்க்கை மெல்லச் செருகி, நாளுக்கு இரண்டு தாள், மூன்று தாள் என்று பிரித்துத் தந்தார். முதுகுப் பசை விட்டுப்போனதால் தலையணை தைக்கிற நூலால் மூன்று இடத்தில் தைத்தும் விட்டார். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது.

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் இரண்டு விரல் அளவு எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் படிப்பேன். பள்ளிக்கூடப் பாடத்துக்குத்தான் அந்த விளக்கு. பாடம் முடித்து, எண்ணெய் மிஞ்சினால் நான்கைந்து பக்கம். விளங்காத சொற்களை மறுநாள் அகராதியில் பார்ப்பேன். இப்படி அந்தப் புத்தகம் முடிய மூன்று மாதம் ஆனது.

அதன் தொடக்கத்தை நான் இன்றும் வரி வரியாகச் சொல்வேன். கதையை இயன் என்பவரே தன் வாயால் சொல்கிறார். இரவு, லண்டனில் பார்ன்ஸ் கொமன் என்ற வெளி, கையெட்டும் தூரம் தெரியாத மூடுபனி. விபத்தில் மாட்டிய பார்பரா என்ற பெண் பனிக்குள்ளிருந்து வருகிறாள். அதே பனிக்குள் ஒரு பொலிஸ் தொலைபேசிப் பெட்டி, பக்கத்தில் ஒரு கிழவர். கிழவர்தான் டொக்டர், பெட்டிதான் அவருடைய காலப் பயண வாகனம். மார்கழிக் காலையில் தோட்ட வெளியில் விழும் பனியைத் தவிர வேறு பனி தெரியாத எனக்கு, அந்த மூடுபனி உடம்பில் ஒட்டிக்கொண்டது. முடிவில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் டாலெக் தலைவன் வருவான். ஈர்க்கால் பிரித்த பக்கங்களில்தான் அவன் இருந்தான், எழுத்துக்கள் கொஞ்சம் கரைந்து.

பேந்து, 2012 அளவில், அந்தத் தொடரை முதன்முதலாகக் கணினியில் பார்த்தேன். மூடுபனி இல்லை. விபத்து இல்லை. இயனும் பார்பராவும் ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். சூசன் என்ற மாணவியின் பின்னால் போய்த்தான் அந்தப் பெட்டிக்குள் நுழைகிறார்கள். கண்ணாடி டாலெக்கும் இல்லை. டாலெக்குகள் வருவது தொடரின் இரண்டாவது கதையில். முதல் கதையைப் பார்க்காதவர் கையிலும் புத்தகம் போகும் என்பதால் விட்டேக்கர் புதிதாக ஒரு தொடக்கத்தைக் கட்டியிருக்கிறார். அது விளங்குகிறது. ஆனாலும் எனக்கு டொக்டர் ஹூ தொடங்குவது பார்ன்ஸ் கொமனில்தான். பள்ளிக்கூடத்தில் தொடங்குவது வேறு யாருக்கோ சொன்ன கதை.

இதற்குப் பிறகுதான் இன்னொன்றும் தெரிய வந்தது. அறுபதுகளில் ஒளிபரப்பான டொக்டர் ஹூ பகுதிகள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டது. நாடா விலை கூடியது, அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிவார்கள். மறு ஒளிபரப்புக்கு உரிமையும் பெரிதாக இல்லை. வீட்டில் வீடியோ இல்லாத அந்தக் காலத்தில், தவறவிட்ட கதையைப் பிடிக்க இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வழி டார்கெட் புத்தகங்கள். டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே அறுபதுக்கும் மேல் எழுதியிருக்கிறார். தொடரை ஒட்டி வரும் நாவல்களை 'எக்ஸ்ட்ரா' என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: ரி.வி. அணைந்திருந்த வீடுகளில் அதுதான் தொடர்.

உங்களுக்கும் இப்படி ஒரு புத்தகம் கிடைத்திருந்தால் எழுதுங்கள்.


மானிப்பாயில் இருந்து:

என்னுடையது சின்ன அனுபவம். 1998 இல் படிக்கக் கொழும்புக்குப் போனபோது, மருதானைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் வொண்டா மெகின்டயர் எழுதிய 'த என்ட்ரோபி எஃபெக்ட்' கிடைத்தது. ஸ்டார் ட்ரெக் என்ற விண்கப்பல் தொடரை ஒட்டி 1981 இல் வந்த நாவல். தொடரில் கப்பலை ஓட்டுகிற சுலுவுக்கு முதற்பெயரே கிடையாது, எல்லாருக்கும் அவர் சுலுதான். இந்த நாவலில்தான் ஹிகாரு என்று பெயர் வைத்தார் மெகின்டயர். பத்து வருடம் கழித்து, 1991 இல் வந்த ஆறாவது ஸ்டார் ட்ரெக் படத்தில் சுலு தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்கிறார்.

படத்தை நான் பிறகு பார்த்தபோது அந்த இடத்தில் கையைத் தட்டிவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஏன் என்று விளங்கவில்லை. பெயர் இல்லாமல் இருந்த மனிதனுக்கு, மலிவு மட்டைப் புத்தகம் எழுதிய ஒருவர் பெயர் வைத்திருக்கிறார். பெயர் நிலைத்துவிட்டது.


சாவகச்சேரியில் இருந்து:

கொக்குவில் அண்ணை எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என்னுடையது அதற்குப் பிந்திய கதை.

2000 இல் நடந்த சண்டையில் சாவகச்சேரி என்ன ஆனது என்று தென்மராட்சி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் கொழும்பில் ஒரு சின்ன அறையில் இருந்தோம். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஸ்டார் ட்ரெக் டீப் ஸ்பேஸ் நைன் தொடரை வீடியோ கசெற்றில் பதிந்து அனுப்புவான். 1999 இல் முடிந்த தொடர். அதில் கராக் என்று ஒரு தையல்காரர் வருவார், கார்டாசியர் என்ற வேற்றுக்கிரக இனத்தவர். நாடு கடத்தப்பட்டு, விண்வெளி நிலையத்தில் கடை வைத்திருப்பவர். முந்தி உளவாளி என்று எல்லாரும் சந்தேகப்படுவார்கள், அவரோ ஒன்றுக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டார். கடைசிப் பகுதியில் ஒருவழியாக ஊருக்குத் திரும்பும்போது ஊரே இல்லை, 80 கோடிப் பேர் செத்துப்போனார்கள். இடிபாட்டுக்குள் நின்று, நிலையத்து வைத்தியரான டொக்டர் பஷீரோடு கொஞ்சம் கதைக்கிறார். அவ்வளவுதான், தொடர் வேறு ஆட்களிடம் போய்விடும். எனக்குப் பெரிய கோபம். இனித்தானே அந்த மனுசனுடைய கதையே என்று நினைத்தேன்.

சமாதானம் வந்து 2002 இல் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் பாதிவரை கல்லும் ஓடும். பின் வளவில் பனைகள் வட்டு இல்லாமல் வெறும் கம்பமாக நின்றன. மிதிவெடி எடுத்து முடிக்கும்வரை பின்வளவுக்குப் போகக் கூடாது என்று நாடா கட்டியிருந்தார்கள். முன்பக்கத்தில் தகரம் போட்டு ஒரு கொட்டில் இறக்கி, ஏழு மாதம் அதற்குள் இருந்தோம்.

அந்தக் கொட்டிலுக்குள் இருந்துதான் 'எ ஸ்டிட்ச் இன் டைம்' வாசித்தேன். கோடை விடுமுறைக்கு வந்த அதே தமையன் கொண்டுவந்து தந்தது. 2000 இல் வந்த நாவல். எழுதியவர் அன்ட்ரூ ரொபின்சன், தொடரில் கராக்காக நடித்தவரே. புத்தகம் முழுக்க கராக் டொக்டர் பஷீருக்கு எழுதும் நீண்ட கடிதம். கடிதத்தை எங்கே இருந்து எழுதுகிறார் தெரியுமோ? இடிந்துபோன வீட்டின் பின்னால் மிஞ்சிய கொட்டிலுக்குள் இருந்து. அந்த வரி வந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பி வெளியே வந்து நின்றேன்.

கராக் இடிபாட்டுக் கற்களைப் பொறுக்கி அடுக்குகிறார். முதலில் ஏன் அடுக்குகிறார் என்று அவருக்கே தெரியாது. பிறகு அக்கம்பக்கத்தவர்கள் வந்து, தங்கள் ஆட்களை நினைத்து அதன் முன்னால் நிற்கத் தொடங்குகிறார்கள். அவரை வளர்த்த தகப்பன் தோலன் ஒரு தோட்டக்காரர், ஓர்க்கிட் வளர்த்தவர். அந்த மனிதர் வருகிற பக்கங்கள்தான் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்தவை. எங்கள் அப்பாவும் திரும்பி வந்த முதற்கிழமை வீட்டுக் கல்லைத் தொடவில்லை. எங்கேயோ போய் இரண்டு செவ்வரத்தம் தடி முறித்து வந்து, படலையடியில் நட்டு, குழாய்க்கிணற்றில் அள்ளிய தண்ணீரில் ஒரு பேணி அதற்கு ஊற்றினார். அம்மா பேசினார், குடிக்கவே தண்ணி இல்லை என்று. அப்பா பதில் சொல்லாமல் ஊற்றினார்.

கலிஃபோர்னியாவில் இருந்த நடிகர் ஒருவருக்கு எங்கள் வளவு எப்படித் தெரியும் என்று நான் அன்று கேட்டுக்கொண்டது உண்மை. ஏழு வருடம் அந்தப் பாத்திரத்தின் தோலுக்குள் இருந்து பார்த்தவர் அவர். ரி.வி.க்காரர் விட்டுவிட்டுப் போன இடத்தில் அவர் நின்று எழுதியிருக்கிறார்.


பருத்தித்துறையில் இருந்து:

அக்கா, நீங்கள் சொன்ன கோபம் எனக்கும் வந்தது, பபிலோன் ஃபைவ் என்ற விண்வெளி நிலையத் தொடரைப் பார்த்தபோது. முதல் வருடம் நிலையத்தின் தளபதி ஜெஃப்ரி சின்க்ளேர். இரண்டாம் வருடம் தொடங்கும்போது ஆளைக் காணவில்லை, மின்பாரி என்ற வேற்றுக்கிரகத்தவரின் உலகத்துக்குத் தூதராகப் போய்விட்டார் என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்கள். நகரத்தில் ஒரு சீடி கடையில் வாங்கிய செட்டில் மூன்றாம் வருடத்துத் தட்டுகள் பாதிக்கு மேல் வெறும் தட்டு, ஒன்றும் ஓடாது. ஆகவே சின்க்ளேர் திரும்பி வருகிற பகுதிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

காத்ரின் ட்ரென்னன் 1997 இல் எழுதிய 'டு ட்ரீம் இன் த சிட்டி ஒஃப் சொரோஸ்' வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. சின்க்ளேர் அந்த மின்பார் உலகத்தில் ரேஞ்சர் என்ற படையை எப்படி ஒன்றுசேர்த்தார், அவர் மணமுடிக்க இருந்த கேத்தரின் சகாய் என்ன ஆனாள், தொடரில் பிறகு வரும் மார்கஸ் ஏன் ரேஞ்சர் ஆனான், எல்லாம் அதில் இருக்கிறது. சகோதரன் வில்லியம் வந்து எச்சரிக்கும்போது மார்கஸ் நம்பாமல் விடுகிற அத்தியாயத்தை நான் இரவில் வாசிப்பதில்லை. தொடரை உருவாக்கிய ஸ்ட்ரசின்ஸ்கியே இந்த நாவலைத் தொடரின் கதையாக ஏற்றுக்கொண்டவர்.

எங்கள் ஊரில் போனவர்களைப் பற்றி ஒரு வசனம்தான் மிஞ்சும். 'அவர் அங்கால போட்டார்.' அதனாலோ என்னவோ, போன ஒருவரைத் தேடிப் போய் எழுதிய புத்தகம் என்றால் எனக்கு விசேஷம்.


கொக்குவிலில் இருந்து, மறுபடி:

எல்லாருக்கும் நன்றி. சாவகச்சேரித் தங்கச்சி, செவ்வரத்தை இப்போதும் நிற்கிறதா என்று எழுதுங்கோ.

ஒரு விசயம் சொல்லியாக வேண்டும். டீப் ஸ்பேஸ் நைன் முடிந்த பிறகு, 2001 இல் இருந்து ஸ்டார் ட்ரெக் நாவல்கள் தங்களுக்குள் ஒரே கதையாக வளர்ந்துகொண்டு போயின. இருபது வருடம். 2020 இல் 'பிகார்ட்' என்ற புதிய ஸ்டார் ட்ரெக் தொடர் வந்தபோது, அந்த நாவல்களில் நடந்தது ஒன்றும் அதில் நடக்கவில்லை. அப்புறம் 2021 இல் 'கோடா' என்று மூன்று நாவல்களைப் போட்டு அந்த முழுக் கதையையும் முடித்துவைத்தார்கள். எனக்கு அது நெஞ்சில் குத்தியது. ஆனால் டேட்டன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வொலோ, டேவிட் மாக் மூவரும் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடவில்லை. இருந்து, எழுதி, வழியனுப்பி வைத்தார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன். அந்த இருபது வருடத்தை வாசித்தவனிடமிருந்து அதை எடுக்க ஒருவராலும் முடியாது.

என்னுடைய தைத்த புத்தகம் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் போய்விட்டது. சைக்கிளில் அம்மம்மாவை இருத்தி உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தோம், புத்தகத்துக்கு இடம் இல்லை. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. 2011 இல் பிபிசி புக்ஸ் அதை மறுபடி பதிப்பித்தது, மாமா அதை வாங்கி அனுப்பினார். இந்தமுறை விமானத் தபாலில், ஒன்பது நாளில்.

போன மாதம் மகள் அதை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். புதிய டொக்டர் ஹூ எல்லாம் பார்த்தவள். முதல் அத்தியாயம் முடித்துவிட்டு வந்து, "அப்பா, இவ்வளவு பனிக்குள்ள அந்தாளுக்குப் பெட்டி எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டாள். விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்று காட்டினேன்.